அவுக பேருல ஓடுன கோடு

ஜன்னலச் சாத்தாத தாயி, எனக்குக் காத்து வேணும். வெயில் அடிச்சா அடிச்சுட்டுப் போகுது. கொஞ்ச நாளாவே பஸ்ஸேறி உக்காந்தா மூச்சு வந்து சேர நேரமாகுது. படியில ரெண்டாவது கால வைக்குமுன்ன அந்தக் கண்டக்டர் விசில ஊதிட்டான். அவனப் பெத்தவளா இருந்தா ஊதுவானா? ஊதுவான், மூஞ்சியப் பாரு, ஊதக்கூடிய ஆளுதான்.

நீ எங்க, திருநவேலிக்கா? ஆஸ்பத்திரிக்கா? வண்ணாரப்பேட்டையில எறங்கிப் போற அந்த நரம்பு டாக்டர் ஆஸ்பத்திரியா? அட, நானும் அங்கதான் போறேன். உனக்கு யாரு படுத்திருக்கா? அம்மாவா. ஒரு பக்கம் விழுந்துருச்சா? பேச்சு இருக்கா? இருக்குல்லா, அப்ப பயப்படாத. பேச்சு இருந்தா பாதி ஆளு இருக்கு.

எங்க வீட்டுக்காரவுகளுக்குப் பேச்சு போயிருச்சு. சுத்தமாப் போகல, ஒரே ஒரு சொல்லு நிக்குது. ஆமா. அது மட்டுந்தான். பசிக்கான்னு கேட்டா ஆமா. பசிக்கலையான்னு கேட்டாலும் ஆமா. கட்டிக்கிட்ட நாள்லேருந்து நான் சொன்ன எதுக்கும் ஆமான்னு சொல்லாத மனுசன். இப்ப நாள் பூரா அதுதான் சொல்லுதாக. டாக்டர் சொன்னாரு, மூளையில பேச்சு இருக்கிற எடத்துல அடி, ஏதாவது ஒரு சொல்லு மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்குமாம்.

எட்டயபுரத்துல எங்க தங்கச்சி மாமனாருக்கும் இப்பிடித்தான் வந்துச்சு. அவருக்கு நின்னது ஒரு கெட்ட வார்த்த. வாயில வைக்க முடியாது, ஒங்கிட்டச் சொல்ல மாட்டேன். பேத்தி கல்யாணத்துக்கு நாற்காலியில தூக்கிட்டுப் போனாக. அந்தப் பிள்ளைக்கும் மாப்பிள்ளைக்கும் திருநீறு பூசி, அந்த வார்த்தையச் சொல்லித்தான் ஆசீர்வாதம் பண்ணுனாரு மனுசன். மாப்பிள்ள வீட்டாளுக மொகத்தப் பாக்கணுமே. ஆனா அந்தப் பிள்ள நல்லாத்தான் இருக்கு, ரெண்டு பெத்து.

எதுல விட்டேன்? ஆங், அவுக விழுந்தது.

நாங்க கோயில்பட்டி. அவுக தீப்பெட்டி ஆபீசுல ரொம்ப வருசம் இருந்துட்டு, இப்ப வீட்டோடதான். பிரஷர் உண்டு, மாத்திர உண்டு, உப்பக் கொறைன்னு சொல்லியிருந்தாக. அவுக நாலஞ்சு நாளா நச்சரிப்பு, கருவாட்டுக் கொழம்பு வையி, கருவாட்டுக் கொழம்பு வையின்னு. நான் வைக்கல. பெறவு ஒரு நாள், போகுது, தின்னுட்டுப் போகட்டும்னு சாளக் கருவாடு வாங்கி, கத்திரிக்காய் போட்டு வச்சேன். மொத வாய் வச்சாக. தலைய ஆட்டுனாக. ரெண்டாவது வாய் வேட்டியில விழுந்துச்சு. நான் வஞ்சேன். சின்னப் பிள்ளையா நீங்க, தொவைக்கிறவ நானுல்லான்னு வஞ்சேன். மூணாவது வாய்க்குக் கை தட்டுக்கே போகல. அப்பவும் நான் வஞ்சுக்கிட்டுதான் இருந்தேன். வாய் கோணுன பெறவுதான் நிறுத்துனேன்.

அதோட எம்பேரு கெட்டுச்சு.

எங்க நாத்தனா ஒருத்தி இருக்கா, சொர்ணத்தாயி. அவுகளுக்கு மூத்தவ. ரெண்டு வீடு தள்ளிதான் குடியிருப்பு. நேருல மதினிம்பேன், வாங்கம்பேன், போங்கம்பேன். பின்னால அவதான். ஆஸ்பத்திரியில வச்சே ஆரம்பிச்சுட்டா. கருவாட்ட ஊட்டி எந்தம்பியச் சாச்சுட்டான்னு. தண்ணிக் கொழாயடியில சொன்னா, ரேஷன் கடையில சொன்னா. பாக்க வாறவுக எல்லாம் அவுக காலத் தொட்டுப் பாத்துட்டு, பெறவு என் அடுப்படிய எட்டிப் பாக்காக. சாட்சிக்கும் ஆளு வச்சுக்கிட்டா. கட்டில்ல உக்காந்து, "ஏ தம்பி, கருவாடு தின்னுதான உனக்கு இப்பிடி ஆச்சு?"ன்னு கேக்கா. அவுக என்ன சொல்லுவாக? "ஆமா"ங்காக. "கேட்டீகளா, அவன் வாயாலயே சொல்லுதான்"னு சுத்தி நிக்கிறவுகளப் பாக்கா.

நானும் கேட்டுப் பாத்தேன். ஆள் இல்லாதப்ப. கருவாட்டால இல்லதானன்னு கேட்டேன். ஆமான்னாக. ஆனா நான் கேட்டது யாருக்குக் கேக்கும்?

எம்மவன் சீனிராசு நல்லவன்தான். ஒண்ணும் சொல்ல மாட்டான். ஆனா நான் சோறு வச்சா, கொழம்ப மொதல்ல நாக்குல தொட்டுப் பாத்துட்டுதான் அப்பனுக்கு ஊட்டுவான். சொல்லுறதவிட அது மோசம். எனக்கு அழுகையும் வரல. பல்லுப் புடுங்க ஊசி போடுவாகல்ல, கன்னம் இருக்கும், கிள்ளுனாத் தெரியாது. அப்பிடித்தான் இருந்துச்சு. இப்பவும் அப்பிடித்தான்.

கயத்தாறு வந்துட்டா? இந்தப் புள்ளைக்கு எடம் விடு தாயி, கைப்பிள்ளையோட நிக்கா. உக்காரும்மா. உம்பிள்ளையா? கண்ணுல மை அப்பியிருக்கே.

சொல்லுதேன் கேளு. டாக்டரு எல்லாம் பாத்தாரு. கழுத்து ரத்தக் கொழாய் சுத்தம். நெஞ்சப் படம் எடுத்துப் பாத்தாக, அதும் சுத்தம். அப்ப மூளைக்குப் போன ரத்தக்கட்டி எங்கேருந்து போச்சுன்னு அவருக்குப் பிடிபடல. சில பேருக்கு நெஞ்சு திடீர்னு தாளம் தப்பி அடிக்குமாம். அப்ப ரத்தம் உள்ள தேங்கும், தேங்குனா கட்டியாகும், அது கெளம்பி மூளைக்குப் போயி அடைச்சுக்கிடும்னாரு. ஆனா அது எப்பவும் தப்பாதாம், ஒளிஞ்சு ஒளிஞ்சு வருமாம். நாம ஆஸ்பத்திரிக்குப் போற நேரம் நல்ல பிள்ள மாதிரி அடிக்குமாம். அதனால மூணு நாளைக்கு ஒரு பொட்டிய ஒடம்புலயே மாட்டி விடுதேன், ராப்பகலா அது எழுதிக்கிட்டே இருக்கும், தப்புச்சுன்னா பிடிச்சுக் குடுத்துரும்னாரு.

உங்கம்மாவுக்கும் மாட்டப் போறாகளா? ஒண்ணும் வலிக்காது. நெஞ்சுல ஸ்டிக்கர் ஒட்டி, அதுல வயர மாட்டி, பொட்டியக் கழுத்துல தொங்க விடுவாக. ஒரு பிள்ளதான் மாட்டி விட்டா. எந்த ஸ்டிக்கர் எங்கன்னு பேனாவால புள்ளி வச்சா. விழுந்துட்டா ஒட்டிக்கிடுங்கன்னு வேற ஸ்டிக்கரும் குடுத்தா. தண்ணி படக்கூடாது பாட்டி, கழட்டக்கூடாது, கழட்டுனா அங்கன வெறுங்கோடு விழுந்துரும், திரும்ப மொதல்லேருந்து மாட்டணும்னா. வெறுங்கோடுன்னா எப்பிடி இருக்கும்னு கேட்டேன். நேராப் போகும் பாட்டின்னு விரலால காத்துல இழுத்துக் காட்டுனா.

ஒங்கிட்ட ஒண்ணு சொல்லுதேன். அந்தப் பொட்டிய மாட்டுனப்ப எனக்கு உள்ளுக்குள்ள ஒரு ஆச. அவுக நெஞ்சு தாளம் தப்பணும்னு ஆச. கட்டுனவ ஆசப்படுற ஆசையா அது? ஆனா தப்புச்சுன்னா, கருவாடு இல்லன்னு ஆகும்லா. மூணு நாளும் அந்தப் பொட்டியவே பாத்துக்கிட்டு இருந்தேன், பொட்டிக்குள்ளேருந்து கூப்பிட்டுச் சொல்லிரும்ங்கிற மாதிரி.

ரெண்டாம் நாள் விடியக்கால பக்கத்துத் தெருவுல கேதம். குருவையா போயிட்டாரு. அவுக சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன் மொற. நல்லா இருந்த ஆளு, மொத நாள் வந்து இவுக கட்டில்ல உக்காந்து முறுக்கு தின்னுட்டுப் போனாரு. அவருக்குப் பல்லு கெட்டி. அந்த வயசுல கரும்பக் கடிச்சுத் திங்கிற ஆளு. அத விடு.

பங்காளி வீட்டுக் கேதம்னா எங்கள்ல நீர்மாலை எடுக்கணும். பங்காளிகள்லாம் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு, ஈர வேட்டியோட கொட்டடிச்சுப் போயி கொடத்துல தண்ணி கொண்டாந்து, அந்தத் தண்ணியிலதான் செத்தவுகளக் குளிப்பாட்டணும். உங்கள்லயும் உண்டா? இதுல இவுகதான் மூத்த பங்காளி. எங்க நாத்தனா வந்து வாசல்ல நின்னா.

"ஏட்டி கோமு, மூத்தவன் தலையில தண்ணி விழாம நீர்மாலை எப்பிடி எடுக்க? அவனத் தயார் பண்ணு."

மதினி, தண்ணி படக்கூடாதுன்னு சொல்லியிருக்காகன்னேன். பொட்டியக் காட்டுனேன்.

"பொட்டி பெருசா, பங்காளி பெருசா? போறவன் வழியில நின்னு அண்ணன் வரலியேன்னு கேப்பான்." தம்பி பக்கம் திரும்புனா. "ஏ தம்பி, குருவையாவுக்குத் தண்ணி ஊத்த வாறியாடா?"

ஆமான்னாக.

எம்மவன் ஒரு மணி நேரந்தானம்மா, கழட்டிட்டு வந்து மாட்டிக்கிடுவோம்னான். அவன் நாற்காலி எடுக்கப் போயிட்டான். நான் ஒத்தையில நின்னு ஸ்டிக்கர உரிக்கேன். அப்பத்தான் எனக்கு அது ஓடுச்சு. பொட்டி சும்மா கெடந்தா வெறுங்கோடு விழும். நேராப் போகும். அவுக பேரு எழுதி ஒட்டுன பொட்டி அது. கேதத்தன்னைக்கு, தெருவுல சங்கு ஊதிக்கிட்டு இருக்கையில, அவுக பேருல நேர்கோடு விழலாமா? ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில் ஆளுக்குத் தலைமாட்டு டிவியில கோடு நேராப் போனதப் பாத்தவ நான். அதுக்குப் பெறவு துணியப் போட்டு மூடுனதயும் பாத்தேன். பெறவு வேற என்னைக்காவது விழுந்தா விழட்டும், அன்னைக்கு விழக்கூடாது.

அதனால நான் மாட்டிக்கிட்டேன்.

அவுககிட்டக் கேட்டுட்டுத்தான் மாட்டுனேன். இத நான் மாட்டிக்கிடட்டுமா, நீங்க வாற வரைக்கும் ஒங்க பேருல ஓடட்டுமான்னு கேட்டேன். ஆமான்னாக. ஒரு பக்கமாச் சிரிச்ச மாதிரி இருந்துச்சு. அவுகளுக்கு இப்ப சிரிப்பும் ஒரு பக்கந்தான் வரும், சிரிப்பா வலியான்னு பிடிபடாது. புருசன் பொண்டாட்டி ஒடம்புதான, யாரு நெஞ்சு அடிச்சா என்ன, அடிச்சாச் சரின்னு நெனச்சேன். புது ஸ்டிக்கர் எடுத்து, அவுகளுக்கு இருந்த மாதிரியே எனக்கும் ஒட்டி, ஜாக்கெட்டுக்குள்ள பொட்டியத் திணிச்சு, மேல சேலைய இழுத்து மூடிட்டேன்.

அப்பிடியே கேத வீட்டுக்குப் போனேன். போகாம முடியுமா? பொம்பளைகள்லாம் வட்டமா உக்காந்திருக்காக. குருவையா பொண்டாட்டி தெய்வான எந்திரிச்சு வந்து, "எக்கா, போயிட்டாகளே"ன்னு கட்டிப் பிடிச்சா. பொட்டி அவ மாருல இடிச்சுருச்சு. அழுகைய நிறுத்திட்டு, காதுக்குள்ள, என்னக்கா இது, கட்டியான்னு கேக்கா. "பர்சுட்டி"ன்னேன். அடுத்தாப்ல இருந்தவ, கேத வீட்டுக்கு எதுக்கு பர்சு, இங்க யாரு களவாணின்னு சண்டைக்கு வாறா. செத்தவரு நடுவுல கெடக்காரு, இவளுக்கு அது கோவம்.

மத்தியானம் நீர்மாலை வந்துச்சு. இவுகள பிளாஸ்டிக் நாற்காலியில வச்சுத் தூக்கியாந்தாக. தலையிலேருந்து தண்ணி சொட்டுது, ஈர வேட்டி ஒட்டிக்கிட்டு இருக்கு, நல்ல கையி நாற்காலியப் பிடிச்சிருக்கு, மத்தக் கையி தொங்குது. கூட்டம் எல்லாம் அவுகளப் பாக்குது, பாத்துட்டு என்னயப் பாக்குது. அந்நேரந்தான் எனக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுச்சு. கோழிக்குஞ்சுகளக் கூடையில போட்டு மூடுனா எப்பிடி அடிச்சுக்கிடும், அப்பிடி. கண்ணு இருட்டுச்சு. அங்கனயே செவத்தச் சாஞ்சு உக்காந்துட்டேன். வெறும் வயிறு, வெயிலு வேற. எங்க நாத்தனா, நடிக்காளேன்னு யாருகிட்டயோ சொன்னது காதுல விழுந்துச்சு. வெளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் அந்த அடிப்பு நிக்கல. வீட்டுக்கு வந்து, அவுகளத் தொவட்டி, பேனாப் புள்ளிய வச்சு அவுகளுக்கே திரும்ப மாட்டிட்டு, நானும் தலைக்கு ஊத்திக்கிட்டேன். பெறவு அடங்கிருச்சு. எனக்கு அது அப்பப்ப வரும், போகும். வயசானா வராதா?

பொட்டியக் குடுத்து ஒரு வாரத்துல கூப்பிட்டாக. எம்மவன், எங்க நாத்தனா, நானு, மூணு பேரும் போனோம். டாக்டர் கம்ப்யூட்டர்ல காட்டுனாரு. கோடு ஓடுது, தையல் மிஷின்ல தச்ச மாதிரி ஒழுங்கா ஓடுது. பெறவு ஒரு எடத்துல கிறுக்கல். கைப்பிள்ள பென்சில எடுத்து இழுத்த மாதிரி. இந்தா பாருங்க, பிடிச்சுட்டோம், இதுதான் காரணம்னாரு. ரெண்டாவது நாள் மத்தியானத்துலேருந்து சாயங்காலம் வரைக்கும், அன்னைக்கு என்ன செஞ்சாருன்னு கேட்டாரு. எம்மவன் சொன்னான், சித்தப்பா கேதம் சார், அப்பாவத் தூக்கிட்டுப் போயிருந்தோம்னு. அந்த அதிர்ச்சியில வந்திருக்கும், ஆனா இந்தக் கோளாறு முந்தியே உள்ள இருந்திருக்கும்னாரு.

அப்பக் கருவாடுன்னு கேட்டேன்.

அவருக்குச் சிரிப்பு. "கருவாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. இது நெஞ்சுத் துடிப்புக் கோளாறு."

எங்க நாத்தனாளுக்கு ஒரு காது மந்தம். இன்னொரு தடவ சொல்லுங்க டாக்டர்னேன். சத்தமாச் சொன்னாரு.

அன்னைக்குச் சாயங்காலம் அவ வீட்டுலேருந்து காப்பி போட்டு எனக்குக் கொண்டாந்தா. கலியாணமாகி வந்த நாள்லேருந்து அவ கையால நான் காப்பி குடிச்சதில்ல. சீனி கூடத்தான் போட்டிருந்தா, குடிச்சேன். கொழாயடியில அவளே சொன்னாளாம், எந்தம்பிக்கு நெஞ்சுச் சீக்கு, பாவம் கோமு என்ன செய்வான்னு. எம்மவன் கொழம்ப நாக்குல தொட்டுப் பாக்குறத விட்டுட்டான். அவன் விட்டது அவனுக்கே தெரியாது. எனக்குத் தெரியும்.

கங்கைகொண்டான் தாண்டிட்டமா? தண்ணி வச்சிருக்கியா? ஒரு வாய் குடு.

அந்தக் கோளாறுக்குன்னு ரத்தம் உறையாம இருக்க மாத்திர எழுதுனாரு. மாத்திர ஆரம்பிச்சதுலேருந்து பல்லு வெளக்குனா ஈறுல ரத்தம். தூக்கி உக்கார வச்சா, நான் பிடிச்ச எடம் விரல் விரலா நீலம் பாரிக்குது. முந்தாநாள் மூத்திரம் வெத்தலச் சாறு மாதிரி போச்சு. எம்மவன் போன்ல கேட்டான். மாத்திரைய நிறுத்துனாத் திரும்ப வாதம் வரும், நிறுத்துறதா கொறைக்கிறதான்னு பாப்போம், ரத்தப் பரிசோதனை எடுத்துக் கொண்டாங்கன்னாரு டாக்டரு. அவனுக்கு ஷிப்ட். அவுகளப் பஸ்ஸுல கொண்டார முடியாது. அதான் ரத்தம் பாத்த சீட்ட எடுத்துக்கிட்டு நான் போறேன். எங்க நாத்தனாதான் அவுகளப் பாத்துக்கிட்டு இருக்கா.

என்ன கேட்ட?

அதான் சொன்னேனே, அன்னைக்கு மத்தியானம் பொட்டி எங்கிட்டத்தான் இருந்துச்சு. எஞ்சேலைக்குள்ள.

என்ன அப்பிடிப் பாக்க? பொட்டி அவுக பேருல உள்ளது. மொத நாள் பூரா அவுக ஒடம்புல கெடந்தது. அதுல அவுக சூடு இருக்கும்லா. இருக்காதா.

நீ கெட்டிக்காரியா இருக்க. எம்மவன் டிப்ளமா படிச்சவன், டாக்டரு எம்புட்டுப் படிச்சவரு, ஒருத்தருக்கும் தோணல. நான் சொல்லாம அவுகளுக்கு எப்பிடித் தோணும்? எனக்குத் தோணுச்சான்னு நீ கேட்டீன்னா, தோணுச்சுன்னும் இல்ல, தோணலன்னும் இல்ல. எட்டாத பரண்ல ஒண்ணத் தூக்கிப் போட்டிருப்போம், இருக்குன்னு தெரியும், ஏணி போட்டு யாரு எடுக்கான்னு விட்டுருவோம்ல. அப்பிடி.

சொன்னா என்ன ஆகும்? அந்தக் கிறுக்கல் அவுகளது இல்லன்னு ஆகும். மிச்சக் கோடெல்லாம் ஒழுங்காத்தான ஓடுச்சு. அப்ப மறுபடியும் காரணம் இல்ல. காரணம் இல்லன்னா எங்க நாத்தனா ஒரு காரணம் வச்சிருக்காள்ல. நாளைக்கே கொழாயடிக்குப் போயிரும். எம்மவன் மறுபடியும் நாக்குல தொட்டுப் பாப்பான்.

என்ன சொன்ன? இன்னொரு தடவ சொல்லு.

"அவுகளுக்கு வேண்டாத மாத்திரையால ரத்தம் போயிக்கிட்டு இருந்தா?"

ம்.

ம். நீ சொல்லுறது கேக்கு. பஸ்ஸு சத்தத்துலயும் கேக்கு.

நான் அவுகளத் தூக்குறப்ப, பிடிச்ச எடமெல்லாம் நீலமா வருதுன்னேன்ல. வலிக்கான்னு கேட்டேன். ஆமான்னாக. அதுவும் அந்த ஆமாதான்னு நெனச்சுக்கிட்டேன். எது எந்த ஆமான்னு நான் எத வச்சுப் பாக்க?

என் கையப் பிடிச்சு என்ன பாக்க? நாடியா? உனக்கு அதெல்லாம் தெரியுமா? தெரியாதுல்லா, அப்ப விடு. எனக்கு என்ன. எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்களும் பொட்டி மாட்டணும்ங்குற, அடுத்து விழப்போறது நீங்கதான்ங்குற. விழட்டும். இல்ல, நான் விழுந்தா அவுகள யாரு தூக்க? எங்க நாத்தனா தூக்க மாட்டா, இடுப்பு வலிம்பா.

தாழையூத்து வந்துருச்சு. இன்னும் கொஞ்ச நேரந்தான்.

ஒண்ணு செய்வமா? நீ எங்கூட டாக்டர் ரூம் வரைக்கும் வா. உங்கம்மாவப் பாக்கக் கொஞ்சம் நேரமானா கோவிச்சுக்கிட மாட்டாகல்ல. நான் சீட்டக் காட்டுதேன். நீ சொல்லு. அன்னைக்கு மத்தியானம் பொட்டி இந்தம்மாகிட்ட இருந்துச்சுன்னு நீ சொல்லு. எனக்கு வாய் வராது. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன், அவரு என்னயப் பாத்துக் கேட்டாருன்னா, ஆமாம்பேன்.

அவரு மாத்திரைய நிறுத்தட்டும். வேற குடுக்கணும்னா குடுக்கட்டும். எனக்கு எழுதுனாலும் எழுதட்டும், சத்து மாத்திரன்னு சொல்லி முழுங்கிக்கிடுதேன். ஆனா எம்மவனுக்குப் போன் போட்டா, அந்த மாத்திர ஒங்கப்பாவுக்குச் சேரல, அதான் மாத்துனேன்னு மட்டும் சொல்லச் சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம். அந்தக் கோட்ட அவரு கம்ப்யூட்டர்லேருந்து அழிக்க வேண்டாம். ஊருக்கு அது அவுக நெஞ்சாவே இருந்துட்டுப் போகட்டும்.